செம்மறியின் சினைக்காலமும் எலும்புச் சேமிப்பும்

கொங்கு நாட்டிற் பிறந்தார்க்குச் செம்மறியாடு புதிய பிராணியன்று. கொடுமுடியிலே காவிரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லுமே முதற்கண் புலப்படும். காலிங்கராயன் கால்வாயின் நீர் வந்து முடிகின்ற இடம் இவ்வூரை அடுத்ததே யாகும். ஆயினும் ஆற்றங்கரையை விட்டு மேற்றிசை நோக்கி முத்தூர், வெள்ளகோயில், காங்கேயம் என்று செல்லுந்தோறும் பூமியின் தோற்றம் மாறிவிடுகின்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே காணும் அம்மேட்டு நிலங்களிலே, முள்ளுக்கிளுவை வேலியும், இடையிடையே வெள்வேல மரமும், கீழே கொழுக்கட்டைப்புல்லும் பொருந்திய கொறங்காடுகள் விளங்குகின்றன. காங்கேயம் காளைகளுக்குப் பேர் வாங்கித் தந்த அக்கொறங்காடுகளே மேச்சேரி ஆடுகளையும் கோவைக் குறும்பை ஆடுகளையும் இன்றளவும் வளர்த்து வருகின்றன.

சிறு குடியானவனுக்கு ஆடு என்பது கைமுதல். மகள் கலியாணத்துக்கும், மகன் படிப்புக்கும், திடீரென வரும் வைத்தியச் செலவுக்கும் பட்டியிலுள்ள ஆடே ரொக்கமாக நிற்பது. ஆகலின், பெண்ணாடு பருவத்துக்கு வாராமற்போவதும், வந்தும் சினை நில்லாமற்போவதும், எல்லாவற்றினும் கொடிதாக, ஈனுவதற்குச் சில நாட்களே எஞ்சியிருக்கையில் நிறைசினையாடு கால் தள்ளாடி விழுந்து மடிவதும் அக்குடும்பத்துக்குப் பெருநஷ்டமாகும். இவற்றைக் கண்ணேறு என்றும் காலத்தின் கோளாறு என்றும் கூறிக் கைவிடுவார் உளர். இவற்றிற் பல, சரீரத்திலுள்ள சுண்ணச்சத்தாகிய கால்ஸியமும், பாஸ்பரஸும், வைட்டமின் டி என்னும் ஜீவசத்தும் ஒன்றோடொன்று இணங்கி நடவாமையால் விளைவன என்பதையும், அவற்றைத் தடுக்கும் உபாயம் பெரும்பாலும் நம் கையிலேயே உளதென்பதையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆட்டின் பருவச் சக்கரம்

பெண்ணாடு சினைப்படாதிருக்குங்கால் ஏறக்குறைய 17 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். கிடாயை ஏற்கும் வேட்கை 24 முதல் 36 மணி நேரமளவே நீடிக்கும். அப்பருவம் முடியும் தறுவாயில் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுகின்றது. முட்டை நீங்கிய இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கட்டி தோன்றிப் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீரை இரத்தத்தில் விடுகின்றது. கருப்பையைக் கருவுக்கு ஏற்ற படுக்கையாகச் சித்தம் செய்வது அந்நீரேயாகும். கரு உண்டாகாவிடின், சுமார் 14 நாட்களில் அக்கட்டி கரையும். ஆடு மறுபடியும் பருவத்துக்கு வரும்.

கரு உண்டாயின் நிகழ்வது வியக்கத்தக்கது. முதல் 10 நாட்கள் கண்ணுக்கு அரிதாய் உருண்டை வடிவில் இருந்த கரு, அதன்பின் சில தினங்களிலேயே நூல்போல் நீண்டு பல அங்குலம் வளர்கின்றது. அப்பொழுது அது இன்டர்பெரான் டௌ என்னும் ஒரு பொருளை வெளியிட்டு, தான் வந்திருப்பதைத் தாய்க்கு அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பினாலேயே மஞ்சட்கட்டி கரையாது நிலைபெறுகின்றது. கரு கருப்பையில் ஒட்டத் தொடங்குவது 16-ஆம் நாள் அளவிலாம். அதுகாறும் அதற்கு உணவு கருப்பையினுள் ஊறும் நீரே. கால்ஸியமும் பாஸ்பரஸும் அந்நீரின் வழியாகவே கருவைச் சேர்கின்றன.

டெக்ஸாஸ் மாகாணத்து ஆராய்ச்சியாளர் சிலர் அண்மைக் காலத்தில் ஆட்டின் கருப்பைச் சவ்வைச் சோதித்து, இத்தாதுக்களைக் கடத்தும் புரதங்களும், வைட்டமின் டி சத்தை ஏற்று அதன் கட்டளைப்படி நடக்கும் ஏற்பிகளும் அச்சவ்விலேயே உளவென்று கண்டனர். அவற்றின் அளவு பருவச் சக்கரத்தின் நாளுக்கு நாள் மாறுபடுவதையும், புரோஜெஸ்டிரோனும் கருவின் அறிவிப்பும் அவற்றைப் பாதிப்பதையும் அவர் எடுத்துரைத்துள்ளனர். எலும்புக்கு மட்டுமே உரியதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டுவந்த ஒரு சத்து கருப்பையினிடத்தும் தொழில் புரிகின்றது என்பது இதனால் பெறப்படும்.

வெயிலிற் பிறக்கும் சத்து

வைட்டமின் டி என்னும் பெயர் வழங்கத் தொடங்கியது 1922-ஆம் ஆண்டில். அமெரிக்கராகிய மெக்காலம் என்பார் மீனெண்ணெயிலிருந்து எலும்புருக்கத்தைத் தீர்க்கும் பொருளை வேறு பிரித்துணர்ந்து அப்பெயரிட்டார். 1924-இல் ஸ்டீன்பாக், ஹெஸ் என்னும் இருவர், உணவுப்பொருளின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதே சத்து உண்டாகும் என்று தனித்தனியே காட்டினர். இச்சத்தின் மூலப்பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானியராகிய விண்டௌஸ் 1928-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலே மக்காரிஸன் என்பார் பிராணிகளைக் கொண்டு உணவாராய்ச்சி நடத்தி உலகப் புகழ் பெற்றதும் ஏறக்குறைய இதே காலத்திலாம்.

இச்சத்து ஆட்டினிடம் சேரும் வழிகள் இரண்டு. தோலின்கீழுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வெயில் பட்டு வைட்டமின் டி ஆக மாறுவது ஒன்று. வெயிலிற் காய்ந்த தட்டிலும் கொடியிலும் உண்டாகும் அதன் இனத்தைத் தின்பது மற்றொன்று. இவ்விரு வழியாலும் வந்த சத்து அப்படியே பயன்படுவதன்று. முதலில் அது ஈரலிற் சென்று ஒரு மாற்றம் அடைகின்றது. பின்னர்ச் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றம் அடைந்தே வீரியம் பெறுகின்றது. ஈரலில் நிகழ்வதை 1968-இலும் சிறுநீரகத்தில் நிகழ்வதை 1970-ஐ அடுத்தும் விஞ்ஞானிகள் தெளிந்தனர். இங்ஙனம் வீரியம் பெற்ற பொருள் குடலை ஏவித் தீனியிலுள்ள கால்ஸியத்தையும் பாஸ்பரஸையும் உறிஞ்சச் செய்கின்றது.

பூமத்தியரேகைக்கு வடக்கே 11 பாகை அளவிலுள்ள கொடுமுடியில் ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லை. ஸ்காட்லாந்து போன்ற வடநாடுகளிலோ குளிர்கால மாதங்களில் சூரியன் தாழ்ந்து செல்வதால் இச்சத்தை உண்டாக்கும் கதிர்கள் போதிய அளவு நிலத்தை எட்டுவதில்லை. அங்குள்ள ஆட்டின் அடர்ந்த கம்பளி மயிரும் கதிரைத் தடுக்கின்றது. மயிர் கத்தரித்த ஆட்டின் இரத்தத்தில் இச்சத்து மிகுவது அளந்தறியப்பட்ட உண்மை. நம் மேச்சேரி ஆடோ கம்பளியில்லாத குட்டை மயிர் கொண்டது. காலை முதல் மாலை வரை வெட்டவெளியில் மேய்வது. ஆகவே, மேய்ச்சலாட்டுக்கு இவ்வகையிற் குறைவு நேர்வது அரிது.

ஆனால் இக்காலத்தில் பரண்மேல் ஆடு வளர்க்கும் வழக்கம் பெருகி வருகின்றது. கூரையின்கீழேயே பிறந்து, கூரையின்கீழேயே பசுந்தீவனம் தின்று வளரும் ஆட்டுக்கு வெயிலும் இல்லை, வெயிலிற் காய்ந்த தீனியும் இல்லை. பசும்புல்லில் இச்சத்து மிகச் சொற்பமே. ஆதலின் நாள்தோறும் சில மணி நேரம் ஆடுகளைத் திறந்த முற்றத்தில் விடுவதும், உலர்ந்த சோளத்தட்டையும் கடலைக்கொடியையும் தீனியிற் சேர்ப்பதும் இன்றியமையாதன. தாயின் இரத்தத்திலுள்ள அளவைப் பொறுத்தே குட்டியின் அளவும் அமைவதால், இதில் காட்டும் அசிரத்தை இரண்டு உயிர்களைத் தாக்கும்.

எலும்பு என்னும் பண்டகசாலை

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான விஷயத்துக்கு வருவோம். ஆட்டின் சரீரத்திலுள்ள கால்ஸியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும், பாஸ்பரஸில் நூற்றுக்கு எண்பது பங்கும் எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளன. 25 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெண்ணாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எலும்புகளில் ஏறக்குறைய கால் கிலோகிராம் கால்ஸியம் இருக்கும். அதன் இரத்தத்தில் ஒரு வேளையில் ஓடுவதோ ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. இச்சிறு அளவு குறைந்தால் தசைகள் தளரும், இருதயமும் தளரும். ஆதலின் அதனை ஒரே நிலையில் வைத்திருப்பது உயிருக்கு அடிப்படையான காரியம்.

இரண்டரைக் கிலோகிராம் நிறையுடன் பிறக்கும் குட்டியின் மேனியில் முப்பது கிராமுக்குச் சற்றுக் குறைவான கால்ஸியம் உள்ளது. ஐந்து மாதச் சினையில் இதன் பெரும்பகுதியும் கடைசி ஆறு வாரங்களிலேயே தாயிடமிருந்து சேய்க்குச் செல்கின்றது. அங்ஙனமாயின், தாயின் இரத்தத்தில் உள்ளதைப்போல் சில மடங்கு கால்ஸியத்தை நாள்தோறும் குட்டி இழுத்துக்கொள்கின்றது என்பது கணக்கால் விளங்கும். தாயினிடத்துக் குறைவிருந்தாலும் சேய் விடுவதில்லை. ஈன்ற பின்னர்ச் செலவு இன்னும் மிகுகின்றது. பசுவின் பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் கால்ஸியம் இருக்க, செம்மறியின் பாலில் ஏறக்குறைய 2 கிராம் உளது.

இத்துணைச் செலவையும் அன்றாடத் தீனியால் ஈடுசெய்ய இயலாது. அப்பொழுது கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் ஒரு நீரை விடுகின்றன. அந்நீர் சிறுநீரகத்தைத் தூண்டி வைட்டமின் டியை வீரியப்படுத்துகின்றது. எலும்பையும் கரைத்துச் சுண்ணச்சத்தை இரத்தத்தில் விடுவிக்கின்றது. சுருங்கக் கூறின், தாயாடு தன் எலும்பிலிருந்து கடன் வாங்கிக் குட்டியை வளர்க்கின்றது. இது நோயன்று, இயற்கையின் ஏற்பாடே. குட்டி பால்மறந்த பின்பு, தீனி நன்றாயின், அக்கடன் மெல்ல மெல்ல எலும்புக்குத் திருப்பிச் செலுத்தப்படும்.

கடன் அடைபடாமல் மறுகடன் ஏறுவதிலேதான் ஆபத்து உளது. சினைக்காலம் 150 நாள். குட்டி பால்குடிப்பது ஏறக்குறைய மூன்று மாதம். ஆக எட்டு மாதம். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று வேண்டும் என்று ஆசைப்படுவோர், குட்டியைப் பிரித்தவுடனே, சில வேளை அதற்கு முன்னரே, கிடாயைச் சேர்க்கின்றனர். நல்ல தீனியும் தாதுக் கலவையும் உள்ள பண்ணையில் அது இயலும். கோடையிலே காய்ந்த காட்டில் மேய்ந்து வரும் ஆட்டுக்கு அது எலும்பின் முதலையே தின்பதாகும். பருவம் தப்புதலும், குட்டி மெலிந்து பிறத்தலும், பால் வற்றுதலும் அம்முதல் கரைவதன் அறிகுறிகள் ஆகலாம்.

கடன் கொடுக்கும் வாயில் திடீரென அடைபட்டாலும் ஆபத்தே. நிறைசினையாட்டைத் தீனியின்றிச் சந்தைக்கு நெடுந்தூரம் ஓட்டுதல், வண்டியில் நெருக்கி ஏற்றுதல், அடைமழையில் நாள் முழுதும் பட்டியில் அடைத்தல், தீனியைச் சடுதியில் மாற்றுதல் ஆகிய காரணங்களால் இரத்தத்துக் கால்ஸியம் வீழ்ந்துவிடும். பசுவுக்கு இந்நோய் பெரும்பாலும் கன்று ஈன்றபின் வரும். செம்மறிக்கோ ஈனுமுன் ஆறு வாரத்துக்குள்ளேயே வருவது மிகுதி. ஆடு தள்ளாடி நடக்கும், பின் மார்பின்மேற் படுத்து எழாது, வயிறு உப்பும், சாணம் நின்றுவிடும், ஒரு நாளைக்குள் மடிதலும் கூடும். விஷந்தீண்டியதென்று எண்ணிப் பச்சிலை தேடிப் பொழுது போக்குதல் தகாது. கால்நடை மருத்துவரை உடனே அழைத்து, கால்ஸியம் போரோகுளுக்கொனேட் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்துவித்தால், விழுந்த ஆடு சில மணி நேரத்துக்குள்ளேயே எழுந்து நிற்பதைக் காணலாம். சினைக்காலத்தின் கடைசியில் தீனி போதாமையால் வரும் மற்றொரு நோயும் இதனையே ஒத்திருக்குமாதலால், மருத்துவரே இரண்டையும் பகுத்தறியத் தக்கவர்.

காட்டுத் தீனியும் வயல் தீனியும்

கொடுமுடிப் பிரதேசத்தில் இருவகைத் தீனி உண்டென்பது மேலே கூறியவற்றால் விளங்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய குறை வேறு.

மேட்டுநிலங்களிற் பலவும் சுண்ணாம்புக்கல் கலந்தவை. அங்கு விளையும் செடிகொடிகளிலும், அவரையினத்துப் பூண்டுகளிலும், மரத்தழைகளிலும் கால்ஸியம் தாராளமாக உண்டு. பாஸ்பரஸோ மண்ணிற் கட்டுண்டு கிடப்பது. கோடையில் புல் முற்றிக் காயும்போது அதன் அளவு மிகவும் குறையும். பாஸ்பரஸ் குறைந்த ஆடு முதலில் இரை எடுப்பதைக் குறைக்கும். இரை குறையவே மேனி மெலியும். மெலியவே பருவம் தப்பும். மண்ணை நக்குதல், துணியை மெல்லுதல், காட்டிற் கிடக்கும் எலும்பைக் கடித்தல் ஆகிய விபரீதப் பழக்கங்கள் இக்குறையைக் காட்டும் அடையாளங்கள். தென்னாப்பிரிக்காவிலே மாடுகள் இங்ஙனம் செத்த விலங்கின் எலும்பைக் கடித்து, அதிலுள்ள கிருமி நஞ்சினால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தைலர் என்னும் கால்நடை விஞ்ஞானி 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் மூலகாரணம் புல்லிற் பாஸ்பரஸ் இன்மையே என்று நிறுவினார். எலும்பைக் கடிக்கும் ஆட்டை அடித்து விரட்டுவது பரிகாரமாகாது. அது கேட்பதைத் தீனியிற் கொடுப்பதே பரிகாரம்.

வயற்பக்கத்திலோ வைக்கோலும் கரும்புத் தோகையும் மலிவாகக் கிடைப்பன. வைக்கோலில் பாஸ்பரஸ் குறைவு. அதிலுள்ள கால்ஸியத்தின் ஒரு பகுதியை ஆக்ஸலேட் என்னும் பொருள் கட்டிவிடுவதால் அதுவும் முழுதும் பயன்படாது. வைக்கோலையே நம்பி நிறைசினையாட்டை வைத்திருப்பது தகாதென்பது இதனால் தெளிவு. நிலக்கடலைக் கொடியும், அகத்தி, சவுண்டல் முதலிய தழையும் கால்ஸியத்தைத் தரும். அரிசித் தவிடும், கோதுமைத் தவிடும், பிண்ணாக்கு வகைகளும் பாஸ்பரஸைத் தரும். தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் மனிதர்க்கு எளிதிற் பயன்படாத நிலையிலுள்ளது. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் பிரித்துத் தருவதால் ஆட்டுக்குப் பயன்படும். கோடைக்காலத்தில் வெள்வேல மரத்தின் காய்கள் உதிர்ந்து ஆடுகளுக்கு நல்ல புரத உணவாவதும் நம் முன்னோர் அம்மரத்தை வெட்டாது காத்ததன் காரணங்களில் ஒன்று.

தவிடு நல்லதென்று அளவின்றி இடுதலும் பிழையே. தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்காயின் கால்ஸியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருத்தல் வேண்டும். இம்முறை மாறிப் பாஸ்பரஸ் மிகுந்தால் கிடாய்க்குட்டிகளுக்குச் சிறுநீர்ப் பாதையிற் கல் அடைத்து மரணம் நேரும். மாட்டுக்கென்று செய்த தாதுக் கலவையை ஆட்டுக்கு இடுவதும் ஆபத்து. செம்பு என்னும் உலோகத்தை மாடு தாங்குமளவு செம்மறி தாங்காது. அது ஈரலிற் சேர்ந்து நஞ்சாகும். ஆகையால் ஆட்டுக்கென்றே அமைந்த கலவையையே கேட்டு வாங்குதல் வேண்டும். நாமக்கல்லில் 1985-இல் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்தார்க்கு அணித்தே உள்ளது. அங்கு ஆலோசனை பெறலாம்.

வைட்டமின் டியும் அளவு மிஞ்சினால் நஞ்சே. ஆர்ஜென்டினா நாட்டில் ஒருவகைச் சுண்டையினச் செடியில் வீரியம் பெற்ற வைட்டமின் டியே இயற்கையாக அமைந்துள்ளது. அதனைத் தின்ற ஆடுமாடுகளின் இரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படிந்து, அவை இளைத்து மடிகின்றன. சினை பிடிக்கவில்லையென்று மருத்துவர் சொல்லின்றி இவ்வூசியைப் போடுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

ஆண்டுக் கணக்கு

மேற்கூறியவற்றை நடைமுறைக்கு ஏற்றவாறு தொகுத்துக் கூறுவோம். கிடாயைச் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே, மெலிந்த ஆடுகளுக்குத் தவிடும் பிண்ணாக்கும் தாதுக் கலவையும் சிறிது கூட்டுக. சேர்த்த முதல் மாதம் கரு ஒட்டும் காலமாதலால் ஆட்டை அலைக்கழித்தலும் தீனியைச் சடுதியில் மாற்றுதலும் கூடா. இடைமாதங்களில் நல்ல மேய்ச்சலே போதும். கடைசி ஆறு வாரம் கடலைக்கொடி அல்லது தழையும், அளவான தவிடும் கொடுத்து, ஒரு வேளையேனும் பட்டினி போடாது காக்க. பால் கொடுக்கும் நாளில் அதே தீனியைத் தொடர்க. குட்டி பிரிந்தபின் அடுத்த ஈற்றுக்கு விரையாமல், ஆடு தேறும் வரை பொறுத்திருக்க. அந்த ஓய்வு வீண்போன காலமன்று. எலும்பின் கடனை அடைக்கும் காலம் அதுவே.

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது அவர்கள் செய்யத்தக்க எளிய தொண்டு ஒன்று உண்டு. ஒரு குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆட்டின் பெயரையோ அடையாளத்தையோ எழுதி, கிடாய் சேர்ந்த நாள், ஈன்ற நாள், குட்டி பிரிந்த நாள் ஆகிய மூன்றையும் குறித்துவருவார்களாயின், எந்த ஆடு எப்பொழுது கடைசி ஆறு வாரத்துள் நுழைகின்றது என்பதைத் தந்தையார்க்கு முன்கூட்டியே எடுத்துரைக்கலாம். தன் ஆடுகளைத் தனித்தனியே அறிபவனே நல்ல மேய்ப்பன் என்பதை நாம் சிறுவயது முதல் கேட்டு வந்துள்ளோம். அவ்வறிவோடு சினையின் நாட்கணக்கும் சேருமாயின், எத்தனையோ பட்டிகளில் தாயும் குட்டியும் பிழைக்கும்.